சூடானுக்காகக் குரல் கொடுக்க நினைக்கிறீர்களா? எங்கிருந்து தொடங்குவது?

2025 அக்டோபர் கடைசி வாரத்தில் சூடானின் மேற்கே இருக்கும் எல் ஃபாஷர் என்ற ஊரின் பெயர் திடீரென்று எல்லோருடைய கைப்பேசியிலும் வந்து விழுந்தது. அதற்கு முன் ஏறக்குறைய 18 மாதமாக அந்த ஊர் ஒரு துணை ராணுவப் படையின் முற்றுகையில்தான் கிடந்தது. மாட்டுக்குப் போடும் கடலைப் புண்ணாக்கைத் தின்று மக்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பேசியவர்கள் மிகக் குறைவு. ஊர் வீழ்ந்ததும் ஒரு வாரம் எல்லோரும் பேசினார்கள், கண்ணில் பட்ட படத்தையெல்லாம் பகிர்ந்தார்கள், அப்புறம் வேறு செய்தி வந்துவிட்டது.

அந்த ஒரு வாரத்தோடு நிறுத்திக்கொள்ள மனமில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரபி தெரிய வேண்டாம், சட்டம் படித்திருக்க வேண்டாம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். சத்தமாகப் பேசுவதால் மட்டும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. எந்த ஊர், எந்தத் தேதி, செய்தது யார், நாம் யாரிடம் என்ன கேட்கிறோம் என்று குறிப்பாகப் பேசினால்தான் ஏதாவது நகர்கிறது. கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

"ஆப்பிரிக்காவில் நடக்கும் கொடுமை" என்று மொத்தமாக ஒன்று கிடையாது. அங்கே 54 நாடுகள் இருக்கின்றன. கிழக்குக் காங்கோ, வடக்கு மொசாம்பிக், கேமரூனில் ஆங்கிலம் பேசும் பகுதிகள், எத்தியோப்பியாவின் திக்ரே என ஒவ்வொரு இடத்திலும் காரணம் வேறு, குற்றம் செய்தவர் வேறு, கேட்க வேண்டிய ஆள் வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசுகிறவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. நான் சூடானை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்கு வேறு நாடு நெருக்கமாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், வழிமுறை பெரிதாக மாறாது.

சூடான் வேறு, தென் சூடான் வேறு. 2011 ஜூலையில் இரண்டும் பிரிந்துவிட்டன. நம் ஊர்ச் செய்திகளில் இந்த இரண்டையும் குழப்புவது அடிக்கடி நடக்கிறது. நீங்களும் குழப்பினால், விவரம் தெரிந்த ஒரு சூடானியர் உங்கள் பதிவை அந்த வரியோடு மூடிவிடுவார்.

முதல் இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் படியுங்கள்

குறைந்தபட்சம் இந்த வரிசையாவது மனதில் நிற்க வேண்டும். 2003இல் மேற்கே தார்ஃபூர் பகுதியில் கிளர்ச்சி எழுந்தபோது, அன்றைய ஆட்சியாளர் ஓமர் அல்-பஷீர் அதை அடக்க ஜஞ்சவீத் என்ற ஆயுதக் கும்பல்களை ஏவிவிட்டார். ஃபூர், மசாலித், ஸகாவா இன மக்களின் கிராமங்கள் எரிந்தன. அதே கும்பல்களிலிருந்து 2013இல் ஆர்.எஸ்.எஃப் என்ற துணை ராணுவப் படை உருவாக்கப்பட்டது. அதன் தலைவர் முகமது ஹம்தான் தகாலோ, ஊர் வழக்கில் ஹெமெட்டி.

2018 டிசம்பரில் ரொட்டி விலை ஏறியதை எதிர்த்து அத்பரா நகரில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அது நாடு முழுக்கப் பரவி, 2019 ஏப்ரல் 11 அன்று பஷீரின் 30 ஆண்டு ஆட்சியை முடித்தது. ஆனால் ஜூன் 3 அன்று, தலைநகர் கார்ட்டூமில் ராணுவத் தலைமையகத்துக்கு வெளியே அமர்ந்திருந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூடவே இணையமும் துண்டிக்கப்பட்டது. அதன்பின் ராணுவமும் மக்கள் பிரதிநிதிகளும் சேர்ந்து நடத்திய ஆட்சியை 2021 அக்டோபர் 25 அன்று ராணுவத் தளபதி அப்துல் ஃபத்தா அல்-புர்ஹானும் ஹெமெட்டியும் கூட்டாகக் கவிழ்த்தார்கள். கூட்டாளிகளுக்குள் பங்குச் சண்டை முற்றி 2023 ஏப்ரல் 15 அன்று போர் வெடித்தது. அந்த மாதம் 'ஆபரேஷன் காவேரி' என்ற பெயரில் இந்தியர்களைக் கப்பலிலும் விமானத்திலும் மீட்டு வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். நம் ஆட்கள் வந்து சேர்ந்ததோடு நம் செய்திகளும் முடிந்துவிட்டன. போர் முடியவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள்.

இந்த வரலாறு தெரிந்தால் "இரண்டு தளபதிகளின் சண்டை" என்ற வாசகத்தில் எவ்வளவு மறைகிறது என்று புரியும். தெருவில் இறங்கியது மூன்றாவது தரப்பு. ரொட்டிக்கும் மக்களாட்சிக்கும் நின்ற சாதாரண ஜனங்கள் அவர்கள். இரண்டு தளபதிகளும் சேர்ந்து அவர்களைத்தான் முதலில் நசுக்கினார்கள். நாம் குரல் கொடுப்பது அவர்களுக்காக என்பதை மறந்துவிட்டால், தெரியாமலேயே ஏதோ ஒரு படையின் விளம்பரக்காரராகிவிடுவோம்.

இது கற்பனைப் பயம் இல்லை. இரு தரப்புக்கும் இணையத்தில் பெரிய பரப்புரைப் பட்டாளம் உண்டு. 2023இல் மேற்குத் தார்ஃபூரின் எல் ஜெனீனா நகரில் மசாலித் மக்களைக் குறிவைத்து நடந்த படுகொலைகள், எல் ஃபாஷருக்குப் பக்கத்தில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஸம்ஸம் முகாம் மீது 2025 ஏப்ரலில் நடந்த தாக்குதல், எல் ஃபாஷர் முற்றுகை ஆகியவை ஆர்.எஸ்.எஃப் கணக்கு. எல் ஜெனீனாவில் மட்டும் 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை சொன்னது. மறுபக்கம், தார்ஃபூரில் சந்தை கூடும் நேரத்தில் விமானத்திலிருந்து குண்டு போட்டது ராணுவம். 2024 டிசம்பரில் கப்காபியா சந்தை, 2025 மார்ச்சில் தோரா சந்தை. 2025 ஜனவரியில் வத் மதனி நகரை ராணுவம் திரும்பப் பிடித்தபோது, ஆர்.எஸ்.எஃப்-க்கு உதவினார்கள் என்ற பெயரில் ஏழை விவசாயக் கூலிகளின் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இரண்டும் சமம் என்று நான் சொல்லவில்லை. அளவிலும் தன்மையிலும் வித்தியாசம் இருக்கிறது, அதை மழுப்பவும் கூடாது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறவர் யார் அனுப்பியதைப் படிக்கிறார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதைப் படிப்பது? நாள் செய்திக்கு ரேடியோ தபங்கா. நெதர்லாந்திலிருந்து சூடானியர்களே நடத்துவது, 2008 முதல் இயங்குகிறது. தார்ஃபூர்ச் செய்தி அங்கேதான் சீக்கிரம் வருகிறது. சூடான் ட்ரிபியூன் என்ற செய்தித் தளம் அரசியல் நகர்வுகளுக்கு. அயின் என்ற சூடானியக் குழுவின் நீண்ட கட்டுரைகள் வாரக் கடைசியில் படிக்க ஏற்றவை. பசி நிலவரத்துக்கு, பசியின் தீவிரத்தை அளவிடும் சர்வதேச ஏற்பாடான ஐ.பி.சி-யின் அறிக்கைகள். பஞ்சம் என்ற அறிவிப்பு அங்கிருந்துதான் வரும், ஸம்ஸம் முகாமில் பஞ்சம் நிலவுவதை அது 2024 ஆகஸ்டில் உறுதி செய்தது. குற்றங்களுக்கு, ஐ.நா. மனித உரிமைப் பேரவை அமைத்த உண்மை அறியும் குழுவின் அறிக்கைகளைப் பாருங்கள். முன்னாள் தான்சானியத் தலைமை நீதிபதி முகமது சந்தே ஒத்மான் அதன் தலைவர். அரபிப் பக்கங்களை உலாவியின் மொழிபெயர்ப்பில் படித்தால் போதும், சாரம் கிடைத்துவிடும்.

படத்தைப் பகிரும் முன் பத்து நிமிடம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

எல் ஃபாஷர் வீழ்ந்தபோது, செயற்கைக்கோள் படங்களில் ரத்தக்கறை தெரிகிறது என்ற செய்தி வந்தது. அது உண்மையான ஆய்வு. யேல் பல்கலைக்கழகத்தின் மனிதாபிமான ஆய்வுக்கூடம், நகரத்தைச் சுற்றி 30 கிலோமீட்டருக்கும் மேல் எழுப்பப்பட்ட மண் கரையை முன்பே காட்டியிருந்தது. ஊர் வீழ்ந்த பிறகு, மனித உடல் அளவிலான பொருட்களும் செந்நிற மண்ணும் முந்தைய படங்களில் இல்லை, புதிய படங்களில் இருக்கின்றன என்று ஒப்பிட்டுச் சொன்னது. உடனே ஆயிரக்கணக்கானோர் கூகுள் எர்த்தைத் திறந்து தாங்களே தேட ஆரம்பித்தார்கள். "பிணக்குவியல்" என்று பரவிய ஒரு படத்தில் இருந்தவை, பிறகு பார்த்தால், தண்ணீர்க் குட்டையைச் சுற்றி நிற்கும் ஆடுமாடுகள். கூகுள் எர்த் படம் நேற்று எடுத்ததாக இருக்காது, பல மாதம் பழையதாகக்கூட இருக்கலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. அதன் விளைவு என்ன? கொலை செய்தவர்களின் ஆதரவாளர்களுக்கு "பாருங்கள், எல்லாமே பொய்" என்று சொல்ல ஒரு கருவி கிடைத்தது. உண்மைப் படத்தையும் அதே கூடையில் போட்டார்கள். செயற்கை நுண்ணறிவில் செய்த தாய்-பிள்ளை படங்களும் அதே வேலையைத்தான் செய்தன.

சரி, என்ன செய்யலாம்? முதலில் படத்தைத் தலைகீழ்த் தேடலில் போடுங்கள், அதாவது அந்தப் படமே முன்பு எங்கே வந்திருக்கிறது என்று தேடுங்கள். கூகுள் லென்ஸ் ஒன்று, யாண்டெக்ஸ் ஒன்று. காணொளி என்றால் இன்விட் என்ற இலவசக் கருவி அதைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும். 2014இல் சிரியாவில் எடுத்ததோ, 2019இல் கார்ட்டூமில் எடுத்ததோ என்றால் இங்கேயே தெரிந்துவிடும். பிறகு இடத்தைப் பாருங்கள். கடைப் பலகை, பள்ளிவாசல் கோபுரம், மலை விளிம்பு, மண்ணின் நிறம். பிறகு நேரம், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று.

இதெல்லாம் துப்பறியும் கதை மாதிரி தெரிந்தால் கேமரூனில் நடந்ததைக் கேளுங்கள். 2018இல் ஒரு காணொளி பரவியது. இரண்டு பெண்களையும் இரண்டு சிறு குழந்தைகளையும் சீருடை அணிந்தவர்கள் நடத்திக்கொண்டு போய்ச் சுடுகிறார்கள். அது பொய்ச் செய்தி, நம் நாடே இல்லை என்றது கேமரூன் அரசு. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழுவும், உடன் உழைத்த தன்னார்வ ஆய்வாளர்களும் காணொளியின் பின்னணியில் தெரிந்த மலைத்தொடரின் வடிவத்தை எடுத்து, நாட்டின் வடகோடியில் ஸெலெவெத் என்ற ஊருக்குப் பக்கத்தில் பொருத்திக் காட்டினார்கள். கட்டடங்களையும் நிழலையும் வைத்து அது 2015 மார்ச்-ஏப்ரலில் நடந்தது என்று தேதியையும் நெருங்கினார்கள். துப்பாக்கி, சீருடை, பெயர் என்று ஒவ்வொன்றாக வந்தது. 2020இல் கேமரூன் ராணுவ நீதிமன்றமே நான்கு சிப்பாய்களுக்குப் பத்தாண்டும், படம் எடுத்தவருக்கு இரண்டாண்டும் சிறைத் தண்டனை கொடுத்தது. ஒரு மலை விளிம்பைப் பொறுமையாகப் பார்த்ததிலிருந்து தொடங்கியது அது.

நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் இலவசக் கருவிகளின் எல்லை தெரிந்திருக்க வேண்டும். கோபர்னிகஸ் பிரௌசரில் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்றால் தரையில் பத்து மீட்டர். கிராமம் எரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம், மனிதர்களைப் பார்க்க முடியாது. நாசாவின் ஃபிர்ம்ஸ் வரைபடம் தீ எரியும் இடங்களைக் காட்டும், ஆனால் வயலுக்கு வைத்த தீயையும் அதே புள்ளியாகத்தான் காட்டும். ஆகவே தனியாக அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தார்ஃபூர் கிராமம் எரிந்ததாகச் செய்தி வந்து, ஃபிர்ம்ஸ் புள்ளியும் அதே நாளில் இருந்து, சென்டினல் படத்தில் கருப்பும் தெரிந்தால், அப்போது பேசலாம். பத்து நிமிடத்தில் முடிவு தெரியவில்லையா? பகிராதீர்கள். நீங்கள் ஒருவர் பகிராததால் உலகம் எதையும் இழந்துவிடாது.

பார்க்கும்போது சத்தத்தை அணைத்துவிட்டுச் சின்னத் திரையில் பாருங்கள். அலறல்தான் தூக்கத்தைக் கெடுக்கும், படத்தைவிட அதிகமாக.

ஆதாரம் உங்கள் கைக்கு வந்தால்

சூடானிய நண்பர் யாராவது ஒரு காணொளியை நேரடியாக அனுப்பலாம். அதைத் திருத்தாதீர்கள், எழுத்துப் போடாதீர்கள், இசை சேர்க்காதீர்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்கள் அழிந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொன்னால் தங்கும். யார், எப்போது, எந்த வழியாக அனுப்பினார் என்று தனியாக எழுதி வையுங்கள், ஆனால் அந்தக் குறிப்பையும் கோப்பையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவு என்றால், இணையப் பக்கங்களை அப்படியே பிரதி எடுத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் உடனே சேமியுங்கள். கொடூரக் காட்சி என்று யூடியூபும் ஃபேஸ்புக்கும் நீக்கிவிடும், அதோடு சாட்சியமும் போய்விடும்.

இப்படிச் சேமிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம். லிபியாவின் படைத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபல்லி மீது 2017 ஆகஸ்டில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டபோது, சமூக ஊடகத்தில் வந்த கொலைக் காணொளிகள்தான் முக்கிய ஆதாரம். இரண்டாவது, தார்ஃபூர். ஜஞ்சவீத் தளபதி அலி குஷைப் 2003-04இல் செய்த கொடுமைகளுக்காக 2025 அக்டோபர் 6 அன்று அதே நீதிமன்றம் 27 குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி என்றது. இருபது ஆண்டுக்கும் மேல் ஆனது, அதுவரை சாட்சிகள் நினைவோடும் குறிப்போடும் காத்திருந்தார்கள். பஷீர் மீது 2009இலேயே பிடியாணை வந்தும் அந்த நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகருக்கு அவர் இதுவரை போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எழுதும் விதம்

"சூடானில் ரத்த ஆறு! உலகமே மௌனம்!" என்று எழுதினால் படிக்கிறவர் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அதையே இப்படி எழுதலாம்:

"எல் ஃபாஷரை 2025 அக்டோபர் 26 அன்று ஆர்.எஸ்.எஃப் பிடித்தது. இரண்டு நாள் கழித்து அங்கிருந்த சவுதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது."

ஊர், தேதி, செய்தவர், சொன்னவர் நான்கும் இருக்கிறது. அடைமொழி ஒன்றுகூட இல்லை, தேவையும் இல்லை. எண்ணைச் சொல்லும்போது அதைச் சொன்னது யார் என்பதையும் கூடவே சொல்லுங்கள். சூடானில் மொத்தச் சாவு எத்தனை என்பதற்கு நிச்சயமான கணக்கு இல்லை, அதனால் வட்டமான பெரிய எண்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்கா என்றாலே பஞ்சம், காட்டுமிராண்டித்தனம், இனக்குழுச் சண்டை என்ற பார்வை நம் சினிமா நகைச்சுவையிலிருந்து குடும்ப வாட்ஸப் குழுவரை ஊறிக் கிடக்கிறது. பரிதாபத்தோடு எழுதும்போதும் அது எட்டிப் பார்க்கும். சாப்பாட்டுக்குக் கையேந்தும் குழந்தையின் முகத்தைப் போடுவதற்குப் பதில், அந்தக் குழந்தைக்குச் சமைத்துப் போடுகிறவர்களைப் பற்றி எழுதுங்கள். போர் தொடங்கியதும் அரசு காணாமல் போன இடங்களில், 2019 போராட்டத்தின் தெருக்குழுக்களிலிருந்து வந்த இளைஞர்கள் 'அவசர உதவி அறைகள்' என்று தொடங்கினார்கள். பொதுச் சமையற்கூடம், மருந்து, பாதுகாப்பாக வெளியேறும் வழி எல்லாம் அவர்கள் ஏற்பாடு. 2025இல் நார்வேயின் ராஃப்டோ பரிசும், ரைட் லைவ்லிஹுட் விருதும் அவர்களுக்குக் கிடைத்தன. சூடானியர் என்றால் உதவிக்குக் காத்திருப்பவர் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் செய்திகளில் பல ஏற்கெனவே பட்டதாகத் தெரியும். மருத்துவமனை மீது தாக்குதல், செயற்கைக்கோள் படம், ஜெனீவா வாக்கெடுப்பு. அந்த அனுபவம் நிச்சயம் உதவும். ஆனால் ஒவ்வொரு பதிவையும் 2009இல் கொண்டுபோய் முடித்தால் சூடானியர் தம் கதையிலேயே துணைப் பாத்திரம் ஆகிவிடுவார்கள்.

உங்கள் பதிவால் யாருக்கும் ஆபத்து வரக்கூடாது

சமையற்கூடம் நடத்திய தன்னார்வலர்களை இரு தரப்பும் பிடித்துச் சென்றிருக்கின்றன, எதிரிக்கு உதவினார்கள் என்ற குற்றச்சாட்டில். ஆகவே சமையற்கூடத்தின் தெருப்பெயர், ஆட்களின் முகம், அவர்களின் கணக்கு எதையும் போடாதீர்கள். அவர்களே பொதுவில் போட்டதாக இருந்தாலும், நேற்று பாதுகாப்பாக இருந்தது ஊர் கைமாறிய பிறகு பாதுகாப்பாக இருக்காது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் முகம், குரல், ஊர், உறவினர் பெயர், எதுவும் வேண்டாம். அவரே சம்மதம் கொடுத்தார் என்றாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டம் ஓய்ந்தபின் ஊர் திரும்ப வேண்டியவர் அவர்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் தங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம், வதந்தி என்றும் அரசின் பெயரைக் கெடுப்பது என்றும் கருதப்படும் பதிவுகளுக்கு அபராதமும் சிறையும் வைத்திருக்கிறது. பகிர்வதும் அதில் அடக்கம். அங்கே இருந்துகொண்டு, இந்தப் போரில் அமீரகத்துக்கு இருப்பதாகச் சொல்லப்படும் பங்கைப் பற்றி (கீழே சொல்கிறேன்) உங்கள் பெயரில் எழுதாதீர்கள். படிக்கலாம், பணம் கொடுக்கலாம், ஊருக்கு வந்தபின் பேசலாம். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை, வேலையும் விசாவும் போனால் குடும்பம்தான் தெருவில் நிற்கும்.

பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஜூனில் சூடான் மக்களுக்குச் சாப்பாடு கொடுப்பதாக இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு முளைத்தது. இந்தப் பதிவைப் பகிர்ந்தால் ஒவ்வொரு பகிர்வுக்கும் உணவு என்று வாக்குறுதி. லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். உணவு கொடுத்ததற்கு ஒரு சான்றும் இல்லை, கடைசியில் கணக்கு நீக்கப்பட்டது. பகிர்வு சோறாக மாறும் என்று யார் சொன்னாலும் அது பொய். கொடுப்பதாக இருந்தால் உலக உணவுத் திட்டம், யுனிசெஃப், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு போன்றவற்றின் சொந்தத் தளத்துக்கு நீங்களே முகவரி தட்டிப் போங்கள், யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடாதீர்கள். அவசர உதவி அறைகளுக்குக் கொடுப்பவர்கள் அவர்களுடைய பொதுத் தளம் காட்டும் வழியில் கொடுக்கலாம். தனிநபர் கணக்குக்கு வேண்டாம்.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

இதுவரை சொன்னதெல்லாம் இந்தக் கட்டத்துக்குத்தான். ஆயுதம் எங்கிருந்தோ வருகிறது, பணம் எங்கேயோ போகிறது, வாக்கெடுப்பில் யாரோ கை தூக்குகிறார்கள். அந்த இடங்களில் உங்கள் குரலுக்கு மதிப்பிருக்கும் இடம் எது என்று பாருங்கள்.

லண்டனில் இருப்பவர்களுக்கு நம் எல்லோரையும்விடப் பலம் அதிகம். ஐ.நா. பாதுகாப்புச் சபையில் சூடான் குறித்த தீர்மானங்களை எழுதி முன்வைக்கும் பொறுப்பு பிரிட்டனுடையது. எல் ஃபாஷர் முற்றுகையை நிறுத்தக் கோரி 2024 ஜூனில் வந்த 2736ஆம் தீர்மானமும் அவர்கள் கொண்டுவந்ததுதான், அதை ஆர்.எஸ்.எஃப் மதிக்கவில்லை என்பது வேறு. உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். அஞ்சல் குறியீட்டோடு முழு முகவரியும் போடுங்கள், இல்லாவிட்டால் தொகுதிக்காரர் இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் தங்கள் மக்களவை உறுப்பினரிடம், நட்சத்திரக் குறியிடாத கேள்வி ஒன்றை வெளியுறவு அமைச்சகத்திடம் கேட்கச் சொல்லலாம். எழுத்தில் பதில் வரும், அது ஆவணமாக நிற்கும். கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், எனவே கூட்டத்தொடர் தொடங்கிய பின் எழுதினால் தாமதம். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையில் நடக்கும் வாக்கெடுப்புகளையும் கவனியுங்கள். சூடானுக்கான உண்மை அறியும் குழுவை அமைக்க 2023 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 19, எதிர்ப்பு 16, நடுநிலை 12. மூன்று வாக்கு வித்தியாசத்தில் பிறந்த குழு அது. எந்த நாடு எப்படி வாக்களித்தது என்ற பட்டியல் பேரவையின் தளத்திலேயே இருக்கிறது.

அப்புறம் தங்கம். சரக்கு போகும் வழியைப் பார்த்தே குற்றத்தைக் கண்டுபிடித்த பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈ. டி. மோரெல் என்ற லிவர்பூல் கப்பல் நிறுவன எழுத்தர், காங்கோவிலிருந்து வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருப்பதையும், திரும்பிப் போகும் கப்பலில் துப்பாக்கியும் தோட்டாவும் மட்டும் போவதையும் கணக்குப் புத்தகத்தில் பார்த்தார். வியாபாரம் நடக்கவில்லை, அடிமை வேலை நடக்கிறது என்று அதிலிருந்தே கண்டுபிடித்தார். 1904இல் அவர் தொடங்கிய காங்கோ சீர்திருத்தச் சங்கம் தொடர்ந்து கொடுத்த நெருக்கடியில், 1908இல் பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் காங்கோவைக் கைவிட நேர்ந்தது. இன்று சூடான் தங்கத்தின் பெரும் பகுதி அமீரகத்துக்குப் போகிறது. ஆர்.எஸ்.எஃப்-க்கு ஆயுதம் கொடுப்பதாக அமீரகம் மீது குற்றச்சாட்டு இருக்கிறது, அமீரகம் மறுக்கிறது. சூடான் அரசு தொடுத்த வழக்கை 2025 மே மாதம் சர்வதேச நீதிமன்றம் (நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிப்பது, மேலே சொன்ன குற்றவியல் நீதிமன்றம் அல்ல) தள்ளியபோது, தனக்கு அதிகார வரம்பு இல்லை என்றுதான் சொன்னது, குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று விசாரிக்கவே இல்லை. இதை இரு தரப்பும் தமக்கு வேண்டியபடி திரிப்பார்கள், கவனம். அமீரகத்திலிருந்து இந்தியா ஏராளமாகத் தங்கம் வாங்குகிறது. 2022 மே முதல் இரு நாட்டு ஒப்பந்தத்தில் அதற்குச் சுங்கச் சலுகையும் உண்டு. உங்கள் கழுத்துச் சங்கிலி தார்ஃபூரிலிருந்து வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது, அப்படி எழுதவும் எழுதாதீர்கள். ஆனால் "இறக்குமதியாகும் தங்கம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று சரிபார்க்க என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்?" என்பது நியாயமான கேள்வி. வணிக அமைச்சகத்துக்கும் கேட்கலாம், பெரிய நகைக்கடைகளுக்கும் கேட்கலாம்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, நான் உங்கள் தொகுதி வாக்காளர். ஐ.நா. ஆயுதத் தடை 2004 முதல் தார்ஃபூருக்கு மட்டும் இருக்கிறது. நாட்டின் மற்ற பகுதிகளுக்கு இல்லை. அதை சூடான் முழுவதற்கும் விரிவாக்க வேண்டும் என்று ஐ.நா. உண்மை அறியும் குழு கேட்டிருக்கிறது. இதில் நம் அரசின் நிலைப்பாடு என்ன என்று வெளியுறவு அமைச்சகத்திடம் எழுத்துக் கேள்வியாகக் கேட்க வேண்டுகிறேன். பதில் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்."

ஒரு கோரிக்கை, ஒரு பக்கத்துக்குக் குறைவு. ஐந்து கோரிக்கை வைத்தால் ஐந்தும் போகும். பதிலாக அச்சடித்த வாசகம் வரலாம், "நிலைமையைக் கூர்ந்து கவனித்து வருகிறோம்" என்று. அந்தப் பதிலின் தேதியைக் குறிப்பிட்டு, எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று சுட்டி மறுபடி எழுதுங்கள். இரண்டாவது கடிதம்தான் அலுவலகத்தில் யாரோ ஒருவரின் மேசைக்குப் போகும்.

நாள்காட்டியில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மனித உரிமைப் பேரவை ஆண்டுக்கு மூன்று முறை கூடும்: பிப்ரவரி-மார்ச், ஜூன்-ஜூலை, செப்டம்பர்-அக்டோபர். சூடான் மீதான ஐ.நா. தடைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் 12ஐ ஒட்டிப் புதுப்பிக்கப்படும், அப்போதுதான் அவற்றின் எல்லையை விரிவாக்கும் பேச்சும் எழும். அதற்கு ஆறு வாரம் முன்பு, ஜூலை கடைசியில், உங்கள் கடிதம் போயிருக்க வேண்டும். செப்டம்பர் பத்தாம் தேதி போடும் பதிவுக்கு ஆயிரம் விருப்பக்குறி வரலாம். வாக்களிக்கப் போகிறவருக்கு அதற்குள் தலைநகரிலிருந்து உத்தரவு போய்ச் சேர்ந்திருக்கும்.